‘சைவக் குடும்பத்தினர் மட்டும்’: வாடகை விளம்பரத்தில் இப்படிப் போடலாமா?

கேள்வி: கோவை பீளமேட்டில் எங்களுக்குச் சொந்த வீடு. கணவர் காலமான பிறகு கீழ்த்தளத்தில் நான் மட்டும் இருக்கிறேன். மாடியில் தனிப் படிக்கட்டுடன் ஒரு போர்ஷன் காலியாக இருக்கிறது. கீழே என் வீட்டுக்குள்ளேயே ஓர் அறையும் சும்மா கிடக்கிறது. இரண்டையும் வாடகைக்கு விடலாம் என்று ஒரு விளம்பரம் எழுதினேன்: ‘மாடி போர்ஷன், கீழே ஓர் அறை வாடகைக்கு. சைவ உணவு உண்ணும் இந்துக் குடும்பத்தினர் மட்டும் அணுகவும். பேச்சிலர்கள் வேண்டாம். அறை, வேலைக்குப் போகும் பெண்களுக்கு மட்டும்.’ இணையத்தில் போடச் சொல்லி மகளுக்கு அனுப்பினால், “இப்படியெல்லாம் போடக்கூடாது அம்மா, வழக்கு வரும்” என்கிறாள். புரோக்கரோ, “எந்தச் சமூகம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இரண்டு பக்கமும் அலைச்சல் மிச்சம்” என்கிறார். என் வீட்டில் யாரைக் குடிவைப்பது என்று நான் சொல்லக்கூடாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை

பதில்: அம்மா, உங்கள் மகள் சொல்வது பாதி சரி. புரோக்கர் சொல்வது முழுத் தவறு. அவர் சொன்னபடி செய்தால்தான் மகள் பயப்படுகிற வழக்கு உண்மையிலேயே வரும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். இரண்டு வெவ்வேறு குடித்தனங்களை ஒரே விளம்பரத்தில் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள். கீழ் அறைக்கு வருபவர் உங்கள் வாசற்கதவு வழியாகத்தான் வருவார். உங்கள் அடுப்பில் பால் காய்ச்சுவார். நீங்கள் குளித்து வரும்வரை குளியலறைக்கு வெளியே காத்திருப்பார். இரவில் உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் முதலில் எழுந்து வருபவரும் அவராகத்தான் இருப்பார். மாடிக்கு வருபவர் அப்படியல்ல. தனிப் படிக்கட்டு, தனிச் சமையலறை. தண்ணீர் மோட்டார் போடும்போதும் வாடகை தரும்போதும் முகம் பார்த்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான். கூடவே வாழப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களுக்கு இருக்கும் சுதந்திரத்தை அப்படியே மாடிக்கும் நீட்டிக்க முடியாது என்பது என் கருத்து.

நம் நாட்டுச் சட்டத்தில் இந்த வேறுபாடு எழுதப்படவில்லை. பிரிட்டனில் எழுதியிருக்கிறார்கள். அங்கே 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், தான் குடியிருக்கும் சிறிய வீட்டில் சமையலறை, குளியலறையைப் பகிர்ந்துகொண்டு அறை விடுபவருக்குச் சில விலக்குகள் தருகிறது. ஆனால் இனத்தைக் காரணம் காட்டி மறுக்க அவருக்கும் அனுமதி இல்லை. அமெரிக்காவின் 1968 வீட்டுவசதிச் சட்டம் இன்னும் சுவாரசியமானது. நான்கு குடும்பங்கள் வரை வசிக்கக்கூடிய கட்டடத்தில் உரிமையாளரும் ஒரு பகுதியில் குடியிருந்தால், வாடகைதாரரைத் தேர்ந்தெடுப்பதில் அந்தச் சட்டத்தின் பிடி தளர்கிறது. விளம்பரத்துக்கு மட்டும் அந்தத் தளர்வு கிடையாது. இன்ன இனத்தவர், இன்ன மதத்தவர் வேண்டும் அல்லது வேண்டாம் என்று அவரும் அச்சடிக்கக்கூடாது. ஒருவர் மனதுக்குள் வைத்திருக்கும் விருப்பத்தையும் அதை ஊரறியப் பலகையில் எழுதுவதையும் அந்தச் சட்டம் ஒன்றாகப் பார்க்கவில்லை. உங்கள் கேள்விக்கு இது மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். மதம், சாதி, இனம், பால், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்வது முதன்மையாக அரசுக்கு. தனிமனிதர்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் அதன் உட்பிரிவு கடை, உணவகம், தங்கும் விடுதி, கிணறு, குளம் என்று பட்டியலிடுகிறது. உங்கள் மாடி போர்ஷன் அந்தப் பட்டியலில் இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளின் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2005-இல் செல்லும் என்று சொன்னது. வீடு வாடகை உள்ளிட்டவற்றில் பாகுபாட்டைத் தடுக்கும் தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் தாமாகக் கொண்டுவரும் மசோதா) ஒன்றை எம்.பி. சசி தரூர் மக்களவைக்குக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆகவே ‘இந்துக் குடும்பத்தினர் மட்டும்’ என்று ஒரு தனியார் வீட்டுக்காரர் போட்டால், அதற்கென்றே தண்டனை விதிக்கும் மத்தியச் சட்டம் இன்று இல்லை. உங்கள் மகள் சொன்னது பாதி சரி என்றதன் காரணம் இதுதான்.

மீதிப் பாதிதான் முக்கியம். சாதி விஷயத்தில் நிலைமை தலைகீழ். 17-ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. அது அரசுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் எனக்கும் சேர்த்தே. அதை ஒட்டி வந்த 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரானால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புடையது. தீண்டாமையைக் கடைப்பிடிக்கும்படி எழுத்தாலோ பேச்சாலோ பிறரைத் தூண்டுவதும் அதே சட்டத்தில் குற்றம். போதாததற்கு, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பையும், அதாவது ஒருவரோடு கொடுக்கல் வாங்கலுக்கு மறுப்பதையும், குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முன்ஜாமீன் எளிதில் கிடைக்காத சட்டம் அது. ‘இன்ன சமூகத்தாருக்கு முன்னுரிமை’ என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுகூட இல்லை. உங்கள் சார்பில் புரோக்கர் அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்.

வீடு மறுப்பு என்றால் என்னவென்று அனுபவித்தவர் தலைமை ஏற்ற குழுதான் அந்த 17-ஆவது பிரிவு இடம்பெற்ற வரைவை எழுதியது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். சில நாள்களில் தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது.

இன்று தடி வருவதில்லை, கேள்விகள் வருகின்றன. சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. “சொந்த ஊர் எது?” என்று ஆரம்பிக்கும். ஊர் பெயரைச் சொன்னதும், “ஊருக்குள்ளேயா, காலனிப் பக்கமா?” என்று அடுத்த கேள்வி. “அப்பாவுக்கு என்ன வேலை? குலதெய்வம் எது?” என்று நீளும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதி, இருவரும் வங்கி ஊழியர்கள். வீடு பிடித்துப்போய், அங்கேயே நின்று கைப்பேசி வழியாக டோக்கன் அட்வான்ஸும் அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது வீட்டுக்காரர் காபி கொடுத்துக்கொண்டே ஊரைக் கேட்டார். மறுநாள் காலையில் பணம் திரும்பி வந்தது. “ஓனருடைய சொந்தக்காரர் வருகிறாராம்” என்றார் புரோக்கர். அடுத்த வாரமும் அந்த வாசலில் டு-லெட் பலகை தொங்கிக்கொண்டிருந்ததை அவர்கள் படமெடுத்து வைத்திருந்தார்கள். புகார் கொடுக்கலாம் என்றேன். கொடுக்கவில்லை. வழக்குப் போட்டவர்கள் என்று பெயர் வாங்கிவிட்டால் அடுத்த தெருவிலும் வீடு கிடைக்காது என்ற பயம் அவர்களுக்கு. இப்படிப்பட்ட வழக்குகள் நீதிமன்றத்துக்கு அதிகம் வராததை வைத்து, அப்படி நடப்பதே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘அலைச்சல் மிச்சம்’ என்ற வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. வீடு மறுக்கப்பட்டவர்களே என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். “எங்களுக்குத் தரமாட்டார்கள் என்று முன்பே தெரிந்தால் அரைநாள் விடுப்பாவது மிஞ்சும், வாசலில் நின்று முகத்துக்கு நேரே அவமானப்பட வேண்டாம்” என்றார் ஒரு இஸ்லாமிய இளைஞர். அவர் நிலையில் அது நியாயமான பேச்சு. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தெருவில் ஒரு வீட்டு வாசலில் அப்படிப் பலகை தொங்கினால், பக்கத்து வீட்டுக்காரர் தன் பலகையிலும் அதையே எழுதுகிறார். அவருக்கு அதுவரை அப்படியொரு எண்ணமே இருந்திருக்காது. ‘நாம் மட்டும் யாரை வேண்டுமானாலும் விட்டால் தெருவில் என்ன சொல்வார்கள்’ என்ற பயம்தான் எழுதவைக்கிறது. கொஞ்ச காலத்தில் புரோக்கர் கேட்காமலேயே சலிக்க ஆரம்பிக்கிறார். இன்னொன்றும் உண்டு. விளம்பரத்தில் எதுவும் போடாத வீட்டுக்காரர், ஆளை நேரில் பார்த்துப் பேசிய பிறகு மனம் மாறிக் குடிவைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். விளம்பரத்திலேயே கதவைச் சாத்திவிட்டால் அந்தப் பேச்சு நடக்கவே வாய்ப்பில்லை. ஆகவே வாடகை விளம்பரங்களில் பிறப்பை வைத்து ஆள் கேட்பதைச் சட்டமே தடுக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அந்தச் சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ‘இந்து’ என்ற சொல்லை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

தடுக்க முடியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. இரண்டு பிரிவினருக்கு நம் நாடாளுமன்றம் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர் உரிமைகளுக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டமும், வீட்டை வாடகைக்கு எடுக்கும் உரிமையில் அவர்களுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. மாடி போர்ஷனைப் பார்க்க ஒரு திருநங்கை வந்தால், அவர் திருநங்கை என்பதற்காக மட்டும் இல்லை என்று சொல்ல முடியாது. புரோக்கருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. நீங்களாவது தெரிந்துவைத்திருங்கள்.

அடுத்து சைவம். கீழ் அறையைப் பொறுத்தவரை சிக்கலே இல்லை. உங்கள் சமையலறை, உங்கள் பாத்திரம். அதில் மீன் வறுக்கக்கூடாது என்று நீங்கள் சொன்னால் யாரும் குறை காண முடியாது. மாடிக்கு அதையே நிபந்தனையாக வைப்பதைத் தடை செய்யும் சட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. என்றாலும் உங்களை ஒன்று கேட்கிறேன். சைவம் மட்டுமே சாப்பிடும் இஸ்லாமியக் குடும்பம் ஒன்று வந்தால் வீடு தருவீர்களா? முட்டையும் கோழியும் சாப்பிடும் உங்கள் உறவினர் மகன் வந்தால் மறுப்பீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் நீங்கள் கேட்பது உணவைத்தான். முதல் கேள்வியிலேயே தயக்கம் வந்தால், ‘சைவம்’ உங்கள் விளம்பரத்தில் வேறு வேலை பார்க்கிறது. நகரங்களில் பல வீடுகளில் அது அந்த வேலையைத்தான் பார்க்கிறது. சாதியை எழுதினால் வம்பு என்று தெரிந்தவர்கள் உணவை எழுதுகிறார்கள்.

உண்மையிலேயே வாடைதான் பிரச்சினை என்றால் அதற்கு வழி சின்னது. மாடிச் சமையலறையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிடுங்கள். கருவாடு வறுக்கும் வாடை உங்களுக்குத் தலைவலி தரும் என்றால் வீடு பார்க்க வரும்போதே அதைச் சொல்லுங்கள்; பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். ஒப்பந்தத்தில் ‘அசைவம் சமைக்கக்கூடாது’ என்று எழுதிவைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில் குடியிருப்பவரைக் காலிசெய்ய வைப்பதற்கான காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. வாடகை பாக்கி, உரிமையாளர் அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுவது, நோட்டீஸ் கொடுத்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது போன்றவை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு அந்த வரிசையில் இல்லை.

பேச்சிலர் விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தனியாக இருக்கிறீர்கள். நாலு பையன்கள் சேர்ந்து எடுத்து, எட்டுப் பேர் தங்கி, தண்ணீர்த் தொட்டி மதியத்துக்குள் காலியாகும் கதையை எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஆனால் உங்களைத் தொந்தரவு செய்வது எண்ணிக்கையும் சத்தமும்தானே? அதையே எழுதுங்கள். ‘மூன்று பேருக்கு மேல் கூடாது’ என்பது குடும்பத்துக்கும் பொருந்தும், பேச்சிலருக்கும் பொருந்தும். ‘குடும்பம் மட்டும்’ என்று போட்டுவிட்டு ஒரு தம்பதியை வைத்தீர்கள் என்றால், அவர்கள் தங்களோடு அப்பா, அம்மா, தம்பி என்று ஆறு பேரைக் கொண்டுவந்தால் எதை வைத்துத் தடுப்பீர்கள்? அதோடு, பீளமேட்டைச் சுற்றிக் கல்லூரிகளும் மென்பொருள் நிறுவனங்களும் இருக்கும்போது பேச்சிலரை ஒதுக்கினால் வாடகைக்கு வருபவர்களில் பெரும்பகுதியை ஒதுக்குகிறீர்கள். பூட்டிக் கிடக்கும் போர்ஷனால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

‘வேலைக்குப் போகும் பெண்களுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் ஒரு பெண் தன் வீட்டுக்குள் இன்னொரு பெண்ணைத்தான் வைத்துக்கொள்வேன் என்பதில் ஒரு தவறும் இல்லை. இரவுப் பணி பற்றி மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மென்பொருள் துறைப் பெண்கள் இரவு இரண்டு மணிக்கு நிறுவனத்து வண்டியில் வந்து இறங்குவார்கள். ‘பத்து மணிக்கு கேட் பூட்டிவிடுவேன்’ என்று பிறகு சொல்வது சண்டையில்தான் முடியும். ஒரு சாவியைக் கொடுத்துவிடுவது இருவருக்கும் நல்லது. பின்னாளில் அறைகளைப் பிரித்து நாலைந்து பெண்களைச் சாப்பாட்டுடன் வைக்கும் எண்ணம் வந்தால், அது பெண்கள் விடுதி ஆகிவிடும். 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும்.

உங்கள் விளம்பரத்தை நானே இரண்டாகப் பிரித்து எழுதித் தருகிறேன். வாடகைத் தொகையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘பீளமேட்டில் மாடி போர்ஷன் வாடகைக்கு. ஒரு படுக்கையறை, ஹால், சமையலறை. தனிப் படிக்கட்டு. அதிகபட்சம் மூன்று பேர். உரிமையாளர் கீழ்த்தளத்தில் வசிக்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. எழுத்து ஒப்பந்தம் உண்டு.’

‘வேலைக்குப் போகும் பெண் ஒருவருக்கு, பெண் உரிமையாளர் வசிக்கும் வீட்டுக்குள் ஓர் அறை. சமையலறை பொது, அதில் அசைவம் சமைப்பதில்லை. வாசல் சாவி தரப்படும்.’

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது குடிவருபவரின் மதத்தைப் பற்றி அல்ல, காகிதத்தைப் பற்றி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யவும் வேண்டும். பதினொரு மாதப் பத்திரத்தை முத்திரைத்தாளில் எழுதி பீரோவில் வைத்துக்கொள்ளும் பழைய பழக்கம் இனி உதவாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதுதான் அந்தச் சட்டத்தின் பொது விதி. இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால்தான் அதற்கு மேல். ஊர் வழக்கப்படி பத்து மாதம் கேட்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாடியைப் பார்க்கப் போவதென்றால் ஒருநாள் முன்னதாகத் தெரிவித்துவிட்டுப் போக வேண்டும். எவ்வளவு கோபம் வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது. அதைச் செய்துவிட்டு என்னிடம் வரும் வீட்டுக்காரர்களுக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

குடிவருபவரிடம் தாராளமாகக் கேட்கக்கூடியவை இருக்கின்றன: அடையாள அட்டை, வேலை பார்க்கும் இடம், முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண், எத்தனை பேர் தங்குவார்கள், எவ்வளவு காலம். அந்த முந்தைய வீட்டுக்காரரிடம் ஐந்து நிமிடம் பேசினால் கிடைக்கும் தகவல், குலதெய்வத்தைக் கேட்டால் கிடைக்காது.

கடைசியாக, விளம்பரம் வெளியாகும் முன்பே புரோக்கருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: ‘என் வீட்டைப் பார்க்க வருபவர்களிடம் சாதி, மதம் எதுவும் கேட்க வேண்டாம். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.’ வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் அனுப்புங்கள். அவர் தன் பழக்கத்தில் யாரிடமாவது ஏதாவது பேசிவைத்து அது புகாராக வந்தால், உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒரு செய்திதான். கைப்பேசியை மாற்றினாலும் அதை அழித்துவிடாதீர்கள்.